அந்தோணியார் டிஸ்க்கில் கிடைத்த முனிராஜ்

போனை என் மூக்குக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றாள் அந்தப் பெண். திரையில் குறுக்காக ஒரு விரிசல். விரிசலுக்குப் பின்னால், நீலச் சட்டை போட்ட ஒருவர், இரும்புத் தகடுகளை அழுத்தி வளைக்கிற பெரிய பிரஸ் மெஷினுக்குள் வலது கையை விட்டு ஒரு தகட்டை எடுத்தார். எடுத்ததும் வீடியோ முடிந்தது. பிறகு தானாகவே முதலிலிருந்து ஓடியது. மறுபடியும் கை உள்ளே போயிற்று. சத்தமே இல்லை.

"இது நீங்க எடுத்ததாங்க்கா?" என்று கேட்டாள்.

அன்று ஓசூரில் காலையிலிருந்தே தூறல். எங்கள் ஸ்டுடியோ மாடியில் இருக்கிறது. ஈரச் செருப்பை வாசலில் விடலாமா கூடாதா என்று யோசித்து, கடைசியில் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். கூட வந்த அவள் அண்ணன் படிக்கட்டைத் தாண்டவில்லை. நான் ஒரு சீமந்த வீடியோவுக்குப் பாட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். எரிச்சலில், "வாட்ஸ்அப்ல வர்றதெல்லாம் நாங்க எடுத்ததாம்மா?" என்று கேட்டுவிட்டேன். எனக்கு வாய் எப்போதும் மூளைக்கு முன்னால் ஓடும். இந்தத் தொடரை இத்தனை வாரம் பொறுத்துக்கொண்ட உங்களுக்கு அது புதிதல்ல.

அடுத்த முறை ஓடும்போது தரையைப் பார்த்தேன். பளபளவென்று பச்சைப் பெயின்ட், ஓரத்தில் மஞ்சள் கோடு. ஃபேக்டரியில் ஷூட்டிங் என்றால் கேமரா வருவதற்கு முந்தின நாளே தரைக்குப் பெயின்ட் அடித்துவிடுவார்கள். மற்ற நாட்களில் எந்த பிரஸ் ஷாப்பிலும் அப்படி ஒரு தரையைப் பார்க்க முடியாது, எண்ணெயும் இரும்புத் தூளுமாகத்தான் கிடக்கும். தூணுக்கு இடது பக்கத்திலிருந்து ஒரு மஞ்சள் வெளிச்சம் வேறு விழுந்தது. என் வீட்டுக்காரர் ராயப்பன் எங்கே போனாலும் வைக்கிற லைட் அது. கல்யாணப் பெண்ணுக்கும் அதுதான், கம்ப்ரஸருக்கும் அதுதான்.

"ஆமா, நாங்க எடுத்ததுதான். யாரு இவரு?"

"எங்க வூட்டுக்காரருங்க்கா. போன மாசம் செத்துட்டாரு. இதே மிஷின்லதான்."

நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். பாட்டு மட்டும் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தக்கூட எனக்குத் தோன்றவில்லை.

மஞ்சுளா சொன்னது

அவள் பெயர் மஞ்சுளா. கணவர் முனிராஜ். நாகரசம்பட்டிப் பக்கத்து ஊர்க்காரர்கள். மத்திகிரியில் வாடகை வீடு, இரண்டாவது படிக்கிற ஒரு பெண் குழந்தை. சிக்கிய தகட்டை எடுக்க முனிராஜ் மெஷினுக்குள் குனிந்திருந்தபோது பிரஸ் இறங்கிவிட்டது. உள்ளே ஆள் இருந்தால் மெஷினை நிறுத்துகிற ஒளித்திரை ஒன்று அந்த பிரஸ்ஸில் உண்டு. கர்ட்டன் என்பார்கள். அன்று அது வேலை செய்யவில்லை.

"அது கெட்டுப் போயி ஒரு வாரமாச்சுன்னு அவுரு எங்கிட்ட சொன்னாருங்க்கா. அவுங்க என்னடான்னா, இவுரே ஆஃப் பண்ணிட்டாரு, எப்பவுமே இப்படித்தான் அலட்சியமா கைய வுடுவாருன்னு சொல்றாங்க. கேட்டா இந்த வீடியோவக் காட்டுறாங்க."

ஷிப்டில் யாரோ போனில் எடுத்தது என்று சொல்லித்தான் அதை அவள் அண்ணனிடம் காட்டியிருக்கிறார்கள். அலட்சியம் என்று கம்பெனியின் விபத்து ரிப்போர்ட்டில் எழுதிவிட்டால் அவளுக்குத் தருவதாகச் சொல்லியிருந்த வேலை கிடையாது. அது போனால் மத்திகிரி வீட்டைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். ஊரிலோ மாமியார் வீட்டில், தங்கள் பிள்ளை தானாகப் போய்ச் செத்தான் என்று ஏற்கெனவே பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

"கம்பெனி படத்துல நடிச்சேன், தப்பு பண்றவனா நடிச்சேன்னு அன்னிக்கு வந்து சிரிச்சுகிட்டே சொன்னாருங்க்கா. இது அந்தப் படம்தான்னு நீங்க காட்டினா போதும். அவுரு அப்படி ஆளு இல்லீங்க்கா."

தவறான முறை, சரியான முறை

சேஃப்டி படம் எடுப்பது எப்படி என்று இங்கே கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மீதி புரியாது. புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு முதல் நாள் போட்டுக் காட்டுகிற படம் அது. ஒவ்வொரு வேலைக்கும் முதலில் 'தவறான முறை' வரும், மேலே ஒரு சிவப்புப் பெருக்கல் குறியோடு. அப்புறம் 'சரியான முறை', பச்சை டிக்கோடு. முழுப் படமும் இவ்வளவுதான். பேச்சைத் தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி என்று நான்கு பாஷையிலும் பிறகு டப்பிங்கில் சேர்ப்போம். எங்கள் ஊர் ஃபேக்டரிகளில் ஒரே வரிசையில் நிற்கிற நான்கு பேருக்கு நான்கு தாய்மொழி.

சரியான முறையில் நடிக்க அடிதடியே நடக்கும். தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு வந்து நிற்பார்கள். தவறான முறைக்கு ஒருவரும் வரமாட்டார்கள். மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டிய பிறகுதான் எடுக்கிறோம் என்று சத்தியம் செய்தாலும் வரமாட்டார்கள். தினம் சோறு போடுகிற மெஷின் முன்னால் விளையாட்டுக்குக்கூட அப்படிச் செய்யக்கூடாது என்பது அவர்கள் எண்ணம். யாராவது ஒருவரைப் பிடித்துத் தள்ளிவிட்ட பிறகு, மெஷினுக்குக் கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி, மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் ஆரம்பிப்பார்கள். பாதுகாப்புப் படத்தின் முதல் ஷாட்டுக்கு முன்னால் தீயணைப்புக் கருவிக்குக் கீழே கற்பூரம் எரிவதைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். இப்போது சிரிக்க வரவில்லை.

கொரோனா அடங்கி ஃபேக்டரிகள் மூச்சுவிட ஆரம்பித்த சமயத்தில் எடுத்த படம் அது. முனிராஜ் ஏன் ஒப்புக்கொண்டார் என்று எனக்குத் தெரியாது. சேஃப்டி ஆபீசர் கேட்டார், இவருக்கு மறுக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான் இருக்கும். எடிட்டிங்கில் அவர் முகத்தைப் பல நாள் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் பூசினாற்போல உடம்பு, புருவத்தில் ஒரு வெட்டு. சேஃப்டி படம் போட்டால் எல்லாரும் தூங்கிவிடுவார்கள் என்பதால் தப்பு செய்கிறவரைக் கோமாளி மாதிரி காட்டுவது எங்கள் வழக்கம். அவர் கை உள்ளே போகும்போது 'டொய்ங்' என்று ஒரு சத்தம் சேர்த்தேன். டப்பிங்கில் அவருக்குக் கீச்சுக் குரல் கொடுத்தோம். ஃபேக்டரிக்காரர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

டிராயருக்குள் ஒரு புனிதர்

"படத்துல வர்ற ஷாட்டு வேற, இது வேற" என்று மஞ்சுளாவின் அண்ணனிடம் ஃபேக்டரியில் சொன்னார்களாம். அது உண்மைதான். இரண்டு கேமரா வைத்திருந்தோம். படத்தில் நான் போட்டது மேலிருந்து எடுத்தது. போனில் ஓடியது பக்கவாட்டிலிருந்து எடுத்த, படத்தில் சேர்க்காத ஷாட். முடிந்த படத்தோடு எடுத்த ஷாட்டுகளையும் ஒரு டிரைவில் போட்டுக் கொடுப்பது வழக்கம். அதிலிருந்து யாரோ ஒருவர் அந்தத் துண்டை மட்டும் வெட்டியிருக்கிறார். யார் என்று எனக்குக் கடைசி வரை தெரியவில்லை.

நானே வந்து சொல்கிறேன் என்றேன். மஞ்சுளாவின் அண்ணன் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "நீங்க சொல்லுவீங்க்கா. அவுங்க நம்பணுமே."

அப்படியானால் பக்கவாட்டுக் கேமராவின் முழு டேக் வேண்டும். நடிக்கச் சொல்கிற குரலோடு வேண்டும். அங்கேதான் சிக்கல். எங்களிடம் இருந்த காப்பியில் குரல் கிடையாது.

அதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. முன்பு ஒரு ஃபேக்டரிக்குப் படம் முடித்து, பெரிய அதிகாரிகள் முன்னால் போட்டோம். நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்த படத்தில், பின்னணியில் யாரோ தெலுங்கில் எதையோ முணுமுணுப்பது கேட்டது. எனக்குத் தெலுங்கு தெரியாது. மெஷின் இரைச்சலோடு சேர்ந்து நன்றாகத்தான் இருக்கிறது என்று விட்டிருந்தேன். முன்வரிசையில் இருந்த ஆந்திரக்கார அதிகாரிக்கு மட்டும் முகம் சிவந்துவிட்டது. ஷூட்டிங்கில் நெடுநேரம் நிற்கவைக்கப்பட்ட ஒரு தொழிலாளி, அதே அதிகாரியின் தாயாரைப் பற்றிச் சொன்ன வார்த்தைகளாம் அவை. அன்றிலிருந்து, ஃபேக்டரி ஷாட் எதுவானாலும் காப்பி எடுக்கும்போதே சத்தத்தை நீக்கிவிடுவேன். எப்படியும் டப்பிங்தானே என்று இருந்தேன். ஃபேக்டரிக்குக் கொடுத்த டிரைவிலும் ஊமைப் படம்தான் போயிற்று.

சத்தத்தோடு இருந்த அசல், அந்தோணியாரிடம் இருந்தது.

எங்கள் ஸ்டுடியோவில் ஹார்ட் டிஸ்க்குகளுக்கு நம்பர் கிடையாது. ராயப்பனும் நானும் தூத்துக்குடிக் கடற்கரைக்காரர்கள். அவர் ஊரில் படகுக்கெல்லாம் புனிதர்களின் பெயர்தான். அந்தப் பழக்கத்தில் டிஸ்க்குக்கும் பெயர் வைத்துவிட்டார். கல்யாணங்கள் சூசையப்பரிடம். ஃபேக்டரிப் படங்களின் காப்பி சவேரியாரிடம். எல்லாவற்றுக்கும் அசல் அந்தோணியாரிடம், ஏனென்றால் தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அவர்தான். ஸ்டுடியோவை இந்த மாடிக்கு மாற்றியபோது படிக்கட்டில் விழுந்து உயிரை விட்டதும் அந்தோணியார்தான். மின்சாரம் கொடுத்தால் டக் டக் என்று ஒரு சத்தம் வரும், அதோடு சரி.

வேறு எவரும் அதைக் குப்பையில் போட்டிருப்பார்கள். புனிதர் பெயர் எழுதிய பொருளைக் குப்பையில் போட எங்கள் இருவருக்கும் கை வரவில்லை. குருத்தோலை ஞாயிற்றின் ஓலைச் சிலுவையோடு சேர்த்து ஒரு துண்டில் சுற்றி டிராயரில் வைத்திருந்தோம். அங்கேதான் இருந்தார்.

ராயப்பன் பேசியது

மஞ்சுளா போன பிறகு ராயப்பன் வந்தார். விஷயத்தைச் சொன்னேன். தலையைத் துடைத்துக்கொண்டே கேட்டவர், துண்டைக் கீழே வைக்கவில்லை.

"ஜெசி, அது நமக்கு வேல குடுக்குற கம்பெனி. அவங்க சொல்லித்தான் மத்த ரெண்டு கம்பெனியும் கூப்பிடுதாங்க. ஒனக்குத் தெரியும்லா?"

"தெரியும்."

"நாம காட்டப் போறது அவங்களுக்கு எதிராத்தான் முடியும்."

"எதிரா என்ன? நாம எடுத்தத எடுத்தோம்னு சொல்லப் போறோம்."

"இங்க பாரு, டிஸ்க் செத்துப் போச்சு. இல்லன்னு சொன்னா பொய்யும் இல்ல."

எனக்கு வந்த கோபத்தில் என்னென்னவோ பேசினேன். இங்கே எழுத முடியாது. அவர் லைட் ஸ்டாண்டுகளை மடக்கி வைத்தார். இத்தனை வருஷமும் கேமராவுக்குப் பின்னாலேயே நின்றவர், எதற்கும் முன்னால் நின்று பழக்கமில்லாத மனுஷன். அவர் பயம் நியாயமானது. அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

மறுநாள் காலையில் டிராயர் திறந்து கிடந்தது. அந்தோணியாரைத் துண்டோடு எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"எங்க?"

"பெங்களூருக்கு. நீயும் வர்றியா?"

சிக்கித்ரெ சிகுத்தெ

பெங்களூரில் செத்த டிஸ்க்குகளைத் திறந்து பார்க்கிற கடை ஒன்று ஒரு சந்துக்குள் இருந்தது. அங்கே இருந்த எஞ்சினீயர் டிஸ்க்கைக் காதில் வைத்துக் கேட்டார். ஓலைச் சிலுவையைத் தனியாக எடுத்து, மரியாதையாக மேஜையின் ஓரத்தில் வைத்தார். கிடைத்தால் கிடைக்கும், இல்லாவிட்டால் இல்லை என்பதைக் கன்னடத்தில், "சிக்கித்ரெ சிகுத்தெ, இல்லாந்த்ரெ இல்ல" என்றார். எல்லா டாக்டரும் சொல்வதுதான்.

திரும்பும்போது அத்திப்பள்ளியில் வண்டிகள் நகரவே இல்லை. மஞ்சுளா இரண்டு முறை போன் செய்தாள். "கெடச்சிருச்சாங்க்கா?" என்பதைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. ரிப்போர்ட்டை அந்த மாதக் கடைசிக்குள் முடிக்கப் போகிறார்கள் என்று அவள் அண்ணன் சொல்லியிருந்தார். நான் ஒவ்வொரு முறையும் பொறுத்துக்கொள் என்றேன். அந்த வார்த்தையைச் சொல்லும்போதெல்லாம் எனக்கே வெட்கமாக இருந்தது.

ஒரு வழியாகப் பாதி டிஸ்க்கு திரும்பக் கிடைத்தது. ஆனால் கோப்புகளின் பெயர் எல்லாம் போய்விட்டது. நாள், இடம், கல்யாணமா கம்பெனியா என்று எதுவும் கிடையாது. வெறும் எண்கள். பல வருஷத்து வேலை ஒரே குவியலாக வந்து விழுந்தது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பகல் முழுக்க உட்கார்ந்தேன். ஒரு கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரத்தில் படம் பாதியில் கிழிந்து, ஞானஸ்நானத் தொட்டியில் போய் நின்றது. முதல் நற்கருணைக்கு வெள்ளை கவுன் போட்ட பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். அதில் ஒருத்திக்கு இப்போது கல்யாணமே ஆகிவிட்டது. யாருடைய வீட்டிலோ ஒரு பெரியவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "ஓடுதா, ஓடலியா?" என்று கேமராவைப் பார்த்துக் கேட்டார். அவர் சாவுக்கும் நாங்கள்தான் போனோம்.

ஒரு கோப்பைத் திறந்தால் இருட்டும் மரங்களும். சானமாவு காட்டுப் பக்கம். ராயக்கோட்டைக் கல்யாணத்திலிருந்து வரும் வழியில் ரோட்டை யானைகள் கடக்க, ராயப்பன் வேனுக்குள்ளிருந்தே எடுத்தது. முன்னால் நின்ற லாரிக்காரர்கள் எல்லாரும் இன்ஜினை அணைத்துவிட்டார்கள். ஒரு குட்டி ரோட்டின் நடுவில் நின்றது. தாய் திரும்பி வந்து அதைத் தள்ளிக்கொண்டு போயிற்று. அதற்குப் பிறகும் யாரும் வண்டியைக் கிளப்பவில்லை. ஒருவர் தெலுங்கில் ஏதோ சொல்கிறார், இன்னொருவர் கன்னடத்தில் பதில் சொல்கிறார், என் குரல் தமிழில் "கண்ணாடிய ஏத்துங்க" என்கிறது. அப்படி ஒரு சாயங்காலம் இருந்ததே எனக்கு மறந்துபோயிருந்தது. பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன். பிறகு மஞ்சுளாவின் ஞாபகம் வந்து மூடினேன்.

கை போகவில்லை

பச்சைத் தரை வந்தபோது கிட்டத்தட்ட முடிகிற கட்டம். முதலில் சத்தம்தான் வந்தது, பிறகுதான் படம். இரும்புக் கூரையில் எதிரொலிக்கிற பேச்சு, தள்ளுவண்டி ஒன்றின் சக்கரம், யாரோ தும்முவது.

முனிராஜ் பிரஸ் முன்னால் நிற்கிறார். கற்பூரம் அணைந்து புகை மட்டும் இருக்கிறது.

"முனிராஜு, இப்ப தப்பா பண்ணுப்பா. நேரா உள்ள கை வுடு, தகட்ட எடு, வெளிய வா" என்கிறது ஒரு குரல். சேஃப்டி ஆபீசர்.

"மெயின் ஆஃப்புங்களா சார்?"

"ஆஃப்புதான். நான்தான பூட்டினேன்."

"ஒருக்கா பாத்துட்டு வந்துர்றேங்க சார்."

ஃபிரேமை விட்டுப் போகிறார். வருகிறார். கையை நீட்டுகிறார். மெஷினின் வாசல்வரை போன கை நின்றுவிடுகிறது. மறுபடி நீட்டுகிறார். மறுபடி நின்றுவிடுகிறது. சுற்றி நின்றவர்கள் சிரிக்கிறார்கள்.

"என்னப்பா?"

"கை போவ மாட்டேங்குதுங்க சார்."

"அடேய், மெஷினு செத்துக் கெடக்குதுடா."

"தெரியுதுங்க சார். ஆனாலும் போவ மாட்டேங்குது." கையைத் தன் பேன்ட்டில் துடைத்துக்கொள்கிறார். "இத்தன வருசமா உள்ள வுடக் கூடாதுன்னு பழக்கிட்டேன். இப்ப வுடுன்னா அதுக்கு என்னா தெரியும்?"

இன்னொரு முறை போய் மெயின் சுவிட்சைப் பார்த்துவிட்டு வருகிறார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, சட்டென்று கையை உள்ளே விட்டுத் தகட்டை எடுக்கிறார். போனில் நான் பார்த்த அதே ஷாட். அங்கே பக்கவாட்டில் முகம் சரியாகத் தெரியவில்லை. அசலில் பெரிதாக்கிப் பார்த்தால் கண்கள் மூடியிருப்பது தெரிகிறது. "ஓகே!" என்கிறார் ராயப்பன்.

நான் அழுதேன். ராயப்பன் என் பின்னால் நின்று பார்த்திருக்கிறார். எத்தனை நேரமாக நின்றார் என்று தெரியாது. தன் குரலில் வந்த அந்த 'ஓகே'யை அவர் மறுபடி போடச் சொல்லவில்லை.

கான்ஃபரன்ஸ் ரூம்

மஞ்சுளா, அவள் அண்ணன், நான், ராயப்பன் நால்வரும் போனோம். ராயப்பன் தானாகவே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டார். எதிரில் எச்.ஆர். மேனேஜர், சேஃப்டி ஆபீசர். கண்ணாடி மேஜை, நடுவில் பிஸ்கட் தட்டு. யாரும் தொடவில்லை.

போட்டேன். 'கை போவ மாட்டேங்குதுங்க சார்' வந்த இடத்தில் மஞ்சுளா புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அந்தக் குரலை அவள் அன்றுதான் மறுபடி கேட்கிறாள் என்பது அதன் பிறகுதான் எனக்கு உறைத்தது. முன்பே தனியாகக் கேட்க வைத்திருக்கலாம்.

மேனேஜர் சேஃப்டி ஆபீசரைப் பார்த்தார். அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டு, "என் குரல்தான் சார். ஷூட்டிங் அன்னிக்கு எடுத்ததுதான்" என்றார். அதைச் சொல்லாமலும் இருந்திருக்கலாம். சொன்னார்.

மேனேஜர் வெளியே போய் போனில் பேசிவிட்டு நெடுநேரம் கழித்து வந்தார். ரிப்போர்ட்டில் அலட்சியம் என்ற வார்த்தை வராது என்றார். காரணம் தெளிவாகத் தெரியவில்லை என்று மட்டும் இருக்கும். மஞ்சுளாவுக்கு வேலை உண்டு, இந்த யூனிட்டில் அல்ல, பொம்பளைப் பிள்ளைகள் அதிகம் இருக்கிற புது யூனிட்டில்.

"ஒண்ணே ஒண்ணும்மா. அங்க யார்கிட்டயும் முனிராஜ் சம்சாரம்னு சொல்லிக்காதீங்க. சின்னப் பொண்ணுங்க, பயந்துக்குவாங்க. உங்களுக்கும் நல்லது."

மஞ்சுளா தலையாட்டினாள். பிறகு மெதுவாக, "அந்தக் கர்ட்டன் ஒரு வாரமா கெட்டுக் கெடந்துச்சுங்க சார். அவுரு சொன்னாரு" என்றாள்.

"அது வேற விஷயம்மா. அதக் கெளப்புனா இதெல்லாம் நின்னுபோவும்."

அண்ணன் அவள் முழங்கையைத் தொட்டார். நான் வாயைத் திறந்தேன். இவ்வளவு பேசுகிற எனக்கு அங்கே எதைச் சொல்வதென்று தெரியவில்லை. அந்த ஒரு வாரத்துக்கு என்னிடம் ஃபுட்டேஜ் கிடையாது.

லிஃப்டில் இறங்கும்போது ராயப்பன், "அவ்வளவுதான் முடியும், ஜெசி" என்றார். ஜெயித்தவர்கள் மாதிரி யாரும் இல்லை. அதற்குப் பிறகு அந்தக் கம்பெனி எங்களைக் கூப்பிடவில்லை. சண்டை ஒன்றும் இல்லை, கூப்பிடவில்லை, அவ்வளவுதான். மற்ற இரண்டு கம்பெனிகளும் அப்படியே ஓய்ந்தன.

சாப்பாட்டுக்குப் போகிற வழி

சில மாதங்கள் கழித்து ஒரு மாலையில் மஞ்சுளா வந்தாள். ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தாள், நீலக் கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை. கொஞ்சம் இளைத்திருந்தாள். இந்த முறை செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தாள். டீ போட்டுக் கொடுத்தேன். குழந்தை எப்படி இருக்கிறாள், பஸ் வசதி எப்படி என்று பேசினோம். அவளே சொல்லட்டும் என்று இருந்தேன்.

"மொத நாளு படம் போட்டாங்க்கா" என்றாள்.

புது ஆட்களுக்கு முதல் நாள் காட்டுகிற அதே சேஃப்டி படம். அந்தப் படத்தை மாற்ற வேண்டும் என்று எவருக்குமே தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை.

"சரியா அவுரு வர்ற எடத்துல அந்த 'டொய்ங்'னு சத்தம் வருதே, எல்லாப் பொண்ணுங்களும் சிரிச்சிருச்சுங்க. என் பக்கத்துல ஒரு பொண்ணு, திருவண்ணாமலப் பக்கமாம், வுழுந்து வுழுந்து சிரிக்குது."

"மஞ்சுளா, நான் போயி பேசறேன். அந்தப் பகுதிய வெட்டிட்டு வேற போட்டுக் குடுக்கறேன். காசு வேணாம்னு சொல்றேன். கேப்பாங்க."

"வேணாங்க்கா." டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "கேன்டீனுக்குப் போற வழியில ஒரு டிவி வெச்சிருக்காங்க. அதுலயும் அதேதான் ஓடுது, நாளு பூரா. நான் தெனம் சாப்பாட்டு நேரத்துல அங்க போயி நின்னு பாத்துட்டுத்தான் போறேன். அவுரு நடந்து வர்றது தெரியுதுல்ல."

மூலையில் உட்கார்ந்திருந்த ராயப்பன் எழுந்து ஜன்னல் பக்கம் போனார்.

"ஏன் தெனம் அங்கயே நிக்கறேன்னு யாரும் கேக்கலியா?" என்றேன்.

"கேக்க மாட்டாங்க்கா. எல்லாரையும் மாதிரி நானும் சிரிச்சிருவேன்."